கடைசி சீற் வரைக்கும்

பஸ் அக்கா எந்த இடத்தைவிட்டும் ஒரே தடவையில் போனதில்லை. இரண்டு தடவை போவார். முதல் தடவை எல்லோரையும் போல. கைப்பையை எடுத்து, செருப்பை மாட்டி, "அப்ப நான் வரட்டே" என்று சொல்லி, லிஃப்ற் வரைக்கும் போவார். கொஞ்ச நேரத்தில் எங்கள் கதவு தட்டப்படும். திறந்தால் அவரேதான். உள்ளே வந்து, தான் இருந்த கதிரைக்குக் கீழே குனிந்து, சோபா இடுக்கில் கைவிட்டுத் தடவி, குசினியை எட்டிப் பார்த்து, "ஒண்டுமில்லை, சும்மா பாத்தனான்" என்பார். பிறகு இரண்டாவது தடவை போவார். அதுதான் மெய்யான போக்கு.

ஸ்காபரோவில் நாங்கள் இருந்த மாடிக்கட்டடத்தில் அவர் எங்களுக்கு எதிர்வீடு. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றியிறக்கும் மஞ்சள் பஸ் ஓட்டினார். சொந்தப் பெயர் கீழ்வாசல் பலகையில் கதவு எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. கட்டடம் முழுக்க அவர் பஸ் அக்கா.

அந்த வேலையில் ஒரு சட்டம் இருக்கிறது. கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு, சாரதி எழும்பி, பஸ்ஸின் பின்பக்கம் வரைக்கும் நடந்துபோய்ப் பார்க்கவேண்டும். பின்னால் ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போய் அமத்தாவிட்டால் பஸ் அலறி ஊரைக் கூட்டும். எங்கேயாவது ஒரு சீற்றில் ஒரு சின்னன் நித்திரையாகிப் போயிருக்கலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. மற்றச் சாரதிகள் ஓடிப்போய்ப் பொத்தானை அமத்திவிட்டு ஓடிவருவார்கள். அக்கா ஒவ்வொரு சீற்றின் முதுகையும் தொட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துக்கொண்டு போவார். ஒருமுறை என்னுடைய கார் பழுதாகி, அவர் பஸ்ஸை விடும் இடத்துக்கு நான் போய்க் காத்திருந்தபோது அதைப் பார்த்தேன். கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி இருந்தது. கடைசி சீற்றில் போய் ஒரு நிமிடம் இருந்துவிட்டு வந்தார்.

"ஆரேன் நிண்டவையோ?" என்று நக்கலாகக் கேட்டேன்.

"இல்லைத் தம்பி. ஒருத்தரும் இல்லை." அதை அவர் சந்தோசமாகச் சொன்னாரா என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

பஸ்ஸுக்கு இருந்த சட்டத்தை அவர் உலகத்துக்கே போட்டுவிட்டார் என்பதுதான் எங்கள் எல்லோருடைய முறைப்பாடும். கலியாண மண்டபத்தில் சாப்பாடு முடிந்து, எல்லோரும் குளிருக்குள் காரைச் சூடாக்கிக்கொண்டு நிற்கும்போது, அக்கா மட்டும் திரும்ப மண்டபத்துக்குள் போவார். மேசைச் சீலைகளைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். கண்டெடுத்தவற்றைக் கேட்டால் சிரிப்பு வரும். கைதுடைக்கும் கடதாசியில் சுற்றிய ஒருவருடைய பொய்ப்பல். ஐயருடைய ரெலிபோன். ஒற்றைத் தோடு. அநேகமாக ஒன்றுமே இருக்காது. "என்னத்தை விட்டிட்டியளக்கா?" என்று ஆராவது கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான்:

"விட்டது என்னெண்டு தெரிஞ்சால் திரும்பிவரத் தேவையில்லையே."

ஒருமுறை ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், குளிர் அங்கிகளைக் குவித்து வைத்திருந்த மூலையில், அந்தக் குவியலுக்கு அடியில் ஒரு குழந்தையைக் கண்டெடுத்தார். நல்ல நித்திரை. தாய் தகப்பன் இரண்டு காரில் வந்தவர்கள். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த கிழமை திரும்பவும் சிரிக்கத் தொடங்கிவிட்டோம்.

நான்தான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தவன். என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். எனக்குப் பயம் என்பது வருகிற போகிற விருந்தாளி இல்லை. வாடகைக்கு இருக்கிற ஆள். எங்கள் கட்டட லிஃப்ற் இரண்டு மாடிகளுக்கு நடுவில் ஒரு இருமல் இருமும். அந்த ஒவ்வொரு இருமலுக்கும் நான் முருகனைக் கூப்பிட்டிருக்கிறேன். அணில் முறைத்துப் பார்த்தால் வழியை மாற்றுவேன். இதெல்லாம் வெளியில் தெரியாமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வித்தை பகிடி. பயந்த வாயை மூடுவது கஷ்டம். சிரித்த வாயாக மாற்றுவது சுகம்.

இப்படிப்பட்டவனை, ஒரு கோடைகால நீண்ட வார இறுதியில், காட்டுக்குள் கூடாரம் அடித்துப் படுக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், போட்ட திட்டம். ரொறன்ரோவுக்கு வடக்கே, ஓர் ஆற்றோரத்தில் மாகாணப் பூங்கா. மூன்று வான்கள். முதலாவதில் என் மனைவியும் மச்சானின் மனைவியும் பிள்ளைகளும். இரண்டாவதில் மச்சானும் நானும் குளிர்ப்பெட்டிகளும். மூன்றாவது பஸ் அக்காவின் பழைய வான். அதில் கூடாரங்களும் சட்டிபானைகளும். எந்தப் பயணத்திலும் அவர்தான் கடைசி. முன்னுக்குப் போகச் சொன்னால் போகமாட்டார்.

வாசலில் பூங்காக் காவல் பெண் ஒருத்தி சிரித்த முகத்தோடு கரடிகளைப் பற்றி விளக்கினாள். மணக்கிற சாமான் ஒன்றும் வெளியில் கிடக்கக்கூடாது. பற்பசைகூட வாகனத்துக்குள்தான். நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் மேலே பார்த்தார். எங்கள் வானுக்குள் ஒரு பை நிறையக் கருவாடு இருந்தது.

அந்த மூன்று நாளும் நான் கூடாரத்தில் படுக்கவில்லை. கரடிக்குப் பயந்து வானுக்குள் படுத்தேன். கரடி தேடிவரக்கூடிய கருவாடும் வானுக்குள்தான் இருந்தது. இந்தக் கணக்கு முதல் இரவே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கி என்ன பிரயோசனம்?

ஆற்றைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாயம் கூடின தேத்தண்ணி நிறம். மேற்பரப்பு அசையாத மாதிரித் தெரியும். ஒரு இலையைப் போட்டால்தான் அது நடந்துகொண்டிருக்கிறது என்பது தெரியும். கரையில் ஒரு பலகை: மேலே அணை இருக்கிறது, தண்ணீர் மட்டம் எந்த நேரமும் மாறலாம். எனக்கு நீந்தத் தெரியாது. நான் அந்தப் பலகையை வாசித்த அளவுக்கு மனைவி எழுதிய காதல் கடிதங்களை வாசித்ததில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். சாப்பாட்டுக்கு நடுவில் நான்தான் கதையைத் தொடக்கினேன்.

"அக்கா, இண்டைக்கு மட்டும் அந்தத் திரும்பிப் போற விளையாட்டு வேண்டாம். லோங் வீக்கெண்ட். ஹைவே முழுக்க அடைச்சுப்போடும். எனக்கு விடிய வேலை."

"நீங்கள் போங்கோவன் தம்பி. நான் ஆறுதலா வாறன்."

"உங்கட வான் வழியிலை நிண்டால் ஆர் திரும்பி வாறது? நாங்கள்தானே?" என்றார் மச்சான்.

"கரடி ஏதும் விடுபட்டால் பாக்கிற ஆக்கள் பாத்து அனுப்புவினம்" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். நான் விடவில்லை. கையை நீட்டினேன். "சத்தியம் பண்ணுங்கோ."

அக்கா கறிக்கையைத் துடைத்துவிட்டு என் உள்ளங்கையில் அடித்தார். "சரி. திரும்பேல்லை. காணுமே?"

இனிக் கூடாரம் மடிக்கிற வேலை. கூடாரம் மடிக்கும் இடத்தில் நான் நின்றால் அது இன்னும் பெரிதாகும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். "நீங்கள் எங்கையாவது போய் இருங்கோ, அதுவே பெரிய உதவி" என்றாள் மனைவி. என் கைப்பையை, ரெலிபோனோடு, மச்சான் வானுக்குள் எறிந்தார். நான் ஆற்றங்கரைக்குப் போனேன்.

அங்கே பிள்ளைகளின் காற்றடைத்த வளையம் ஒன்று, லொறி ரயர் அளவில், கரையில் கிடந்தது. மூன்று நாளும் அதில் ஏறாதவன் நான். கடைசி நாளில், ஆள் பார்க்காத நேரத்தில், ஒரே ஒரு தடவை ஏறி, 'நானும் ஆற்றில் மிதந்தவன்' என்று வேலைத்தலத்தில் சொல்லவேண்டும் என்று ஓர் ஆசை. உயிர்காப்பு அங்கி என் வண்டி வயிற்றுக்குப் பூட்டுப்படவில்லை; அதைக் கரையில் வைத்தேன். கயிறு இல்லை. இடுப்பில் சாரம் இருந்தது. புதுச் சாரம், மாமியார் ஊரிலிருந்து அனுப்பியது. அதை அவிழ்த்து, ஒரு தலைப்பைக் கரையிலிருந்த மரவேரில் கட்டி, மற்றத் தலைப்பை வளையத்தின் கைபிடியில் கட்டி, நீச்சல் காற்சட்டையோடு ஏறிப் படுத்தேன். கரையிலிருந்து ஒரு முழம். காலை நீட்டினால் கல். இதைவிடப் பாதுகாப்பாக ஒருவன் ஆற்றில் இறங்க முடியாது.

புட்டுக்கும் ஆட்டிறைச்சிக்கும் பிறகு வெயிலில் மிதப்பவனுக்கு என்ன நடக்கும் என்பது வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

கண்விழித்தபோது முகத்தில் நிழல் விழுந்திருந்தது. கரையில் நான் கட்டிய மரம் இல்லை. மரம்தான் எங்கேயோ போய்விட்டது என்று அரைநித்திரையில் நினைத்தேன். ஒரு வளைவு தாண்டி வந்திருந்தேன். விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின் கிளைகளுக்குள் வளையம் சிக்கி நின்றது. இரண்டு பக்கமும் செங்குத்தான கற்பாறை. கீழே தேத்தண்ணி, அடி தெரியவில்லை. கைபிடியில் சாரம் இல்லை. முடிச்சு அவிழ்ந்திருந்தது, என் கையால் போட்ட முடிச்சு, வேறென்ன செய்யும்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம். தாளிக்கத் தொடங்கும் முன் எண்ணெய் சீறுகிற மாதிரி, 'ஸ்ஸ்ஸ்'. கிளை ஒன்று வளையத்தைக் குத்தியிருந்தது. நான் இருந்த இடம் காற்றுப் போய்க்கொண்டிருந்தது.

வளைவுக்கு அந்தப்பக்கம் வான் கதவுகள் சாத்துப்படும் ஒலி. ஒன்று. பிறகு இன்னொன்று. நான் கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைத்தேன். தொண்டையிலிருந்து வந்தது, மிதிபட்ட எலிக்குஞ்சின் குரல். வாழ்நாள் முழுக்க வாயால் பிழைத்தவனுக்கு, தேவையான நேரத்தில் வாய் வேலைக்கு வரவில்லை. எஞ்சின்கள் கிளம்பின. மச்சானின் வானிலிருந்து பாட்டுச் சத்தம் உரத்துக் கேட்டு, மெலிந்து, மரங்களுக்குள் போய் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வந்த அமைதி எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆறு நடக்கிற சத்தம், வளையம் சீறுகிற சத்தம், என் பல்.

மனைவி தேடுவாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தேன். அவள் நான் மச்சானோடு வருவதாக நினைப்பாள். மச்சான், தன் அக்காள், அதாவது என் மனைவி, என்னைத் தன்னோடு ஏற்றிவிட்டாள் என்று நினைப்பார். ஆராவது எனக்கு ரெலிபோன் எடுத்தால், அது மச்சானின் வானுக்குள் அடிக்கும். ரெலிபோன் இருந்தால் ஆளும் இருக்கும்தானே. ஒருவரிலும் பிழையில்லை. யாரிலும் பிழையில்லாமல் நான் செத்துப்போகப் போகிறேன்.

மூன்றாவது வான்? அதன் சாரதியிடம் நான்தான் கையிலடித்துச் சத்தியம் வாங்கியிருந்தேன்.

வெயில் மர உச்சிகளுக்கு ஏறியது. என் இடுப்பு தண்ணீருக்குள் இறங்கியது. இரண்டு கைகளாலும் ஒரு கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மரண அறிவித்தலை எப்படிப் போடுவார்கள் என்று யோசனை ஓடியது. யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், ஸ்காபரோவை வதிவிடமாகவும், ஒரு வளையத்தை இறுதியிடமாகவும் கொண்டவர். எந்தப் படத்தைப் போடுவார்கள்? மனைவி கலியாணப் படத்தைத்தான் போடுவாள். அதில் எனக்கு மீசை பென்சிலால் கீறினமாதிரி இருக்கும். முருகனுக்கு நேர்த்தி வைத்தேன். காவடி எடுக்கிறேன் என்றேன். அலகு குத்துவதை நினைத்ததும், பாற்காவடி என்று திருத்தினேன். அந்த நிலையிலும் பேரம் பேசியவனை முருகன் என்னவென்று நினைத்திருப்பார்?

திடீரென்று முதுகுக்குப் பின்னால் துவக்கு வெடித்த மாதிரி ஒரு சத்தம். தண்ணீர் தெறித்தது. நான் அலறினேன், இந்தமுறை குரல் நன்றாகவே வந்தது. கரடி! தண்ணீருக்குள் கரடி! கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திரும்பவும் 'படார்'. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். ஒரு நீர்நாய் மாதிரி, பழுப்பு நிறத்தில், கொழுத்த கன்னங்களோடு ஒரு தலை என்னைக் கோபமாகப் பார்த்தது. தட்டையான வாலைத் தூக்கித் தண்ணீரில் அடித்தது. இந்த நாட்டு ஐந்து சதக் காசில் இருக்கிற அதே பிராணி. பீவர். தன் மரத்தில் நான் படுத்திருக்கிறேன் என்று ஆட்சேபிக்கிறது. குடியுரிமைச் சோதனைக்கு அதன் படத்தைப் பார்த்துப் பாடமாக்கியவன் நான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுதுகொண்டிருக்கும்போதுதான் கேட்டது.

"ஆரும் நிக்கிறியளோ?"

வளைவுக்கு அந்தப்பக்கத்தில், கூடாரம் அடித்திருந்த இடத்தில், பஸ் அக்கா. எந்த இடத்துக்குத் திரும்பிப் போனாலும் அவர் இப்படித்தான் கூப்பிடுவார். வெறும் மண்டபத்துக்குள், வெறும் வீட்டுக்குள், வெறும் பஸ்ஸுக்குள். எத்தனை தரம் நாங்கள் அந்தக் குரலைப் பழித்துக்காட்டிச் சிரித்திருக்கிறோம்! அந்தக் கேள்விக்கு ஆரும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. என்ன பதில் சொல்லவேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. பீவருக்கு வந்த குரல் அக்காவுக்கு வரவில்லை.

"ஆரும் நிக்கிறியளோ?"

அவ்வளவுதான், போகப்போகிறார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் போயிருப்பேன். ஆனால் அக்கா ஒரு தரம் கூப்பிட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை. கூப்பிட்ட பிறகு நின்று கேட்பார். பிறகு குனிந்து பார்ப்பார். சருகு நொறுங்கும் சத்தம் ஆற்றங்கரைக்கு வந்தது. அங்கே நின்றது. பிறகு அந்தச் சத்தம் ஓடத் தொடங்கியது.

பாறைக்கு மேலே அக்காவின் தலை தெரிந்தது. கையில் என் ஈரச் சாரம். மரவேரில் கட்டினது அவிழவில்லையாம்; அந்தப்பக்க முடிச்சுத்தான் அவிழ்ந்தது. தண்ணீருக்குள் இழுபட்டுக்கொண்டு கிடந்த சாரத்தைக் கண்டிருக்கிறார்.

அக்கா என்னை ஏசவில்லை. "ஐயோ" என்றும் சொல்லவில்லை. என்னையும் வளையத்தையும் பார்த்தார். திரும்பி ஓடினார். வானிலிருந்து உடுப்புக் காயப்போடும் கயிற்றைக் கொண்டுவந்தார். அதன் நுனியில் வெறும் தண்ணீர்க் கானைக் கட்டி எறிந்தார். முதல் எறி பீவரின் பக்கம் போனது, பீவர் மறைந்துவிட்டது. இரண்டாவது, என் கைக்கு எட்டும் தூரத்தில் மிதந்தது.

"பிடியுங்கோ தம்பி."

"பிடிச்சுக்கொண்டிருக்கிறன்."

"கிளையை இல்லை. கயித்தை."

"கிளையை விட்டால்?"

"விட்டாத்தான் கயித்தைப் பிடிக்கலாம்."

"நீங்கள் இறங்கி வாங்கோவன்."

"எனக்கும் நீந்தத் தெரியாது."

இதைக் கேட்டதும் இருந்த பலமும் போய்விட்டது. கிளையை இன்னும் இறுக்கினேன். அக்கா கயிற்றைப் பின்னாலிருந்த மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு செய்ததுதான் எனக்கு விளங்கவில்லை. பாறையில் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்துவிட்டார்.

"என்னக்கா இருக்கிறியள்? வளையம் காத்துப் போகுது!"

"தெரியுது. பஸ்ஸிலை சில சின்னனுகள் இறங்கமாட்டன் எண்டு கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். பயம். இழுத்தால் இன்னும் இறுக்கும். நான் பக்கத்து சீற்றிலை போய் இருப்பன். 'நீ இறங்குமட்டும் பஸ் வெளிக்கிடாது' எண்டு சொல்லுவன். அவ்வளவுதான்."

"அக்கா, எனக்கு நாப்பத்தஞ்சு வயசு."

"ஓம் தம்பி. நீங்கள் வருமட்டும் நான் இந்த இடத்தைவிட்டு எழும்பமாட்டன்."

இது எப்படி வேலை செய்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். வலது கை விட்டது. பிறகு இடது கை. கானைப் பிடித்த அதே நேரத்தில் வளையம் என்னைக் கவிழ்த்தது. இப்படியான கதைகளில் இந்த இடத்தில் ஆள் எழும்பி நிற்பான், தண்ணீர் முழங்காலளவுதான் இருக்கும், எல்லோரும் சிரிப்பார்கள். நானும் அதைத்தான் எதிர்பார்த்துக் காலை ஊன்றினேன். அடி கிடைக்கவில்லை. தலைக்கு மேலே தேத்தண்ணி மூடியது. பழுப்பு வெளிச்சம். காதுக்குள் ஆறு. அந்த நேரத்தில் ஒரு பகிடியும் வரவில்லை. ஒன்று மட்டும் வந்தது: கயிறு இறுகியிருந்தது. மற்றப்பக்கத்தில் ஆள் இருக்கிறார்.

பாறை இடுக்கு ஒன்றால் என்னை இழுத்தெடுத்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அக்காவின் உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துச் சிவந்திருந்தது. மத்தியானம் என் கையில் அடித்துச் சத்தியம் பண்ணின கை.

வானுக்குள் சூட்டை முழுக்க விட்டு, வேலைக்குப் போடும் மினுங்கல் கோடு போட்ட அங்கியை எனக்குப் போர்த்தினார். வெளிக்கிட முதல் இறங்கிப்போய் இடத்தை இன்னொருமுறை பார்த்துவிட்டு வந்தார். நான் அங்கியை இழுத்துப் போர்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

நெடுஞ்சாலைக்கு ஏறிய பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "சத்தியம் பண்ணினனீங்களேயக்கா."

"பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சாச் சரி."

"ஏன் திரும்பினனீங்கள்?"

"கேற்றடியிலை நிப்பாட்டி, எல்லாரும் வந்திட்டினமோ எண்டு போனிலை கேட்டன். ரண்டு வானிலையும் 'ஓம் எல்லாரும் இருக்கினம்' எண்டு சொல்லிச்சினம். யோசிக்காமல் சொல்லிச்சினம். எனக்கு அதுதான் பயம்."

பிறகு, றோட்டைப் பார்த்துக்கொண்டே, வேறு யாருடையதோ கதையைப் போலச் சொன்னார்.

"சின்னப்பிள்ளையிலை ரண்டு கார் பிடிச்சுக் கீரிமலைக்குக் குளிக்கப் போனனாங்கள். நான் சுவருக்குப் பின்னாலை நிண்டு சட்டை பிழிஞ்சுபோட்டு வாறன், காருகளைக் காணேல்லை. இந்தக் காரிலை இல்லாட்டி அந்தக் காரிலை எண்டு நினைச்சுப்போட்டினம். கன நேரம் நிண்டு பாத்தன். பேந்து நடந்தன். வீட்டை போய்ச் சேர இருட்டிப்போச்சு."

"வீட்டிலை என்ன சொன்னவை?"

"அம்மா எல்லாருக்கும் சாப்பாடு போட்டுக்கொண்டு நிண்டவ. நிமிந்து பாத்து, 'கையைக் கழுவிப்போட்டு வா' எண்டா."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். கழுவிப்போட்டு வந்து சாப்பிட்டன்."

வழியில் ஒரு டோனட் கடையில் மற்ற இரண்டு வான்களும் எங்களுக்காக நின்றன. நான் மனதுக்குள் ஒரு நாடகத்துக்கு ஆயத்தமானேன். மனைவி ஓடிவருவாள், மச்சான் தலையில் கைவைப்பார், நான் ஒரு பகிடி விட்டு எல்லாவற்றையும் லேசாக்குவேன். பகிடிகூட யோசித்து வைத்திருந்தேன், பீவரை வைத்து.

வான் கதவைத் திறந்து இறங்கினேன். ஈரக் காற்சட்டை. மேலே மஞ்சள் அங்கி. தலைமயிரில் சருகு. மச்சான் ரெலிபோனில் யாரோடோ பேசிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் மூன்றாவது வானில் வருகிறேன் என்று முடிவுகட்டிவிட்டார்கள் போல. பிள்ளைகள் டோனட்டுக்குச் சண்டை பிடித்தார்கள். மனைவி திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, கோப்பியோ தேத்தண்ணியோ?"

நான் வாயைத் திறந்தேன். தண்ணீருக்குள் இருந்தபோது போன குரல் திரும்பவும் போயிருந்தது.

"எங்கை அந்தப் புதுச் சாரம்? விட்டிட்டு வந்திட்டியளோ? அம்மா அனுப்பினது!"

ஆற்றுக்குள், கிளையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு வந்தது சாவுப் பயம். அது எல்லோருக்கும் வருவது. டோனட் கடை வாசலில், நல்ல வெளிச்சத்தில், சொந்தச் சனத்துக்கு நடுவில் வந்தது வேறு. நான் அங்கே வராமலே இருந்திருந்தாலும் அந்த இடம் இப்படியே இருந்திருக்கும்: மச்சான் ரெலிபோனில், பிள்ளைகள் டோனட்டில், கோப்பியோ தேத்தண்ணியோ என்ற கேள்வி மட்டும் கொஞ்சம் பிந்தி. பஸ் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் வானின் பின்கதவைத் திறந்து, கடைசி சீற்றுக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரம் இஞ்சை கிடக்குது பிள்ளை" என்று அங்கிருந்து குரல் கொடுத்தார். "ஈரம். நான் தோய்ச்சுத் தாறன்."

அதற்குமேல் ஒரு வார்த்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இதை வாசித்துத்தான் என் மனைவிக்குத் தெரியவரும். வாசிக்கிற அன்றைக்கு எனக்கு வீட்டுக் கதவைத் திறக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். தேங்காயை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பாற்காவடிக் கணக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

சில வருடங்களில் அக்கா வேலையை விட்டு, ஸ்ரௌவ்வில்லில் மகன் வாங்கிய வீட்டுக்குப் போனார். சாமான் ஏற்றி முடிந்து, வான் புறப்பட்டு, கொஞ்ச நேரத்தில் எங்கள் கதவு தட்டப்பட்டது. "சும்மா பாத்தனான்" என்றார். இரண்டு குளிர்காலத்துக்குப் பிறகு ஒருநாள் நித்திரையிலேயே போய்விட்டார். அந்தமுறை ஒரே தடவையில் போனார்.

நாங்கள் இன்னும் அந்தப் பூங்காவுக்குப் போகிறோம். இப்போது கடைசி வான் என்னுடையது. எல்லோரும் வெளிக்கிட்ட பிறகு கேற்றடியில் நிற்பாட்டித் திருப்புவேன். "உங்களுக்கும் அந்தக் குணம் தொத்திப்போச்சு" என்று மனைவி முணுமுணுப்பாள். மச்சான் பகிடி பண்ணுவார். நல்ல பகிடிகள்தான், பாதி என்னுடைய பழைய பகிடிகள்.

இந்தக் கோடையிலும் திரும்பினேன். வெறும் இடம். கூடாரம் இருந்த இடத்தில் புல் படுத்திருந்தது. ஆறு நடந்துகொண்டிருந்தது. மரங்களைப் பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு, "ஆரும் நிக்கிறியளோ?" என்று கூப்பிட்டேன்.

கூப்பிட்டதும் ஓடிப்போய் வானுக்குள் ஏறிக் கதவைப் பூட்டத்தான் கால் துடித்தது. கரடிக்கு இல்லை. யாராவது "ஓம்" என்று சொல்லிவிட்டால்? எனக்கு இன்னும் நீந்தத் தெரியாது. கூடாரமே மடிக்கத் தெரியாதவன் என்ன செய்வேன்?

வானுக்குள் இருந்த மனைவி ஹோர்ன் அடித்தாள். நான் அசையவில்லை. இன்னொருமுறை கூப்பிட்டுவிட்டு, கற்பாறையில் போய் இருந்தேன். பயந்த ஆளுக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுக்கும்.